ரெண்டு வீட்டுச் செவலை

காய்ச்சல் விட்டு எழுந்த முதல் நாளே சோலையம்மாள் பால் செம்பைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டத்துக்குப் போனாள். கால் தரையில் சரியாகப் பாவவில்லை. கொய்னா மாத்திரையின் கசப்பு நாக்கிலேயே கிடந்தது. காதுக்குள் வண்டு இரைந்தது. "இன்னும் ரெண்டு நாள் படுத்திரு, மாடு எங்கயும் ஓடிப்போகாது" என்று புருஷன் காளை சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. ஒன்பது நாளாகச் செவலையை வேறு ஆள் கறந்துகொண்டிருந்தது. படுக்கையில் கிடந்தபடி அந்தப் பால் செம்பில் விழுகிற சத்தத்தைக் காலையும் மாலையும் கேட்டுக் கேட்டு அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது.

செவலை அவள் கையில் வளர்ந்த பசு. தாய் செத்துப்போன கன்றாக அதைப் பிறந்த வீட்டிலிருந்து பிடித்து வந்து, மூங்கில் குழாயில் ஆட்டுப்பால் புகட்டிப் பிழைக்கவைத்தவள் அவள். வேறு யார் மடியில் கை வைத்தாலும் அது உதைக்கும். காளை ஒரு முறை முழங்காலில் விழுந்த உதையில் ஒரு மாதம் நொண்டினான். கொழுந்தன் விருமாண்டி பின்பக்கமாக அதைக் கடந்துகூடப் போகமாட்டான். "அது எங்க மதினி கைக்குத்தான் நிக்கும்" என்று அவன் ஊரில் சொல்லும்போதெல்லாம் சோலையம்மாள் காதில் விழாத மாதிரி நின்றுகொண்டு முழுசாகக் கேட்டுக்கொள்வாள்.

அன்று கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டாள். இழுத்துக் கட்டினாள். மடியைக் கழுவிவிட்டுக் குந்தி உட்கார்ந்தாள். நாலு பீர் பால் பீச்சியது. அப்புறம் ஒன்றுமில்லை. காம்பு வெறும் தோலாகத் தொங்கியது. செவலை பாலை எக்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி அவளை ஒரு தரம் பார்த்தது. பிறகு அவளைத் தாண்டி வாசல் பக்கம் பார்த்தது.

"என்னடி, என்னைத் தெரியலையா?" என்று தட்டிக்கொடுத்தாள். கன்றை மறுபடி அவிழ்த்தாள். கன்று முட்டி முட்டிக் குடித்தது. விலக்கிவிட்டு உட்கார்ந்தால் மறுபடியும் இல்லை.

வாசலில் சாணிக்கூடையோடு தங்கப்பொண்ணு வந்து நின்றாள். விருமாண்டியின் பெண்டாட்டி. கல்யாணமாகி இரண்டு வருஷம், இருபத்திரண்டு வயசு.

"அக்கா, நான் பக்கத்துல நிக்கட்டா? ஒம்போது நாளா என் சத்தத்தைக் கேட்டுப் பழகிப்போச்சு போல."

சோலையம்மாள் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் உள்ளே வந்து செவலையின் தாடையைச் சொறிந்துவிட்டாள். "என்னடி செவலை, அக்காவுக்குக் குடுடி. அக்கா காச்சல்ல எளைச்சுப் போயிட்டாகடி" என்றாள். அவ்வளவுதான். மடி பொதுக்கென்று நிறைந்தது. செம்பு சத்தம் போட்டது.

சோலையம்மாள் தலையைத் தூக்காமல் கறந்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. நெஞ்சுக்குள் யாரோ கரிக்கங்கை வைத்து ஊதுகிற மாதிரி இருந்தது. அக்காவுக்குக் குடுடியாமே. என் மாட்டை எனக்குக் கொடுக்கச்சொல்லி இவள் சிபாரிசு செய்கிறாள்.

அன்றைக்குப் பாலைக் காய்ச்சி வைத்தாளே தவிர, ஒரு வாய் குடிக்கவில்லை. கேட்டதற்குப் பால் வாடை அடிக்கிறது என்றாள்.

அவர்கள் ஊரான ஊத்துப்பட்டி, உசிலம்பட்டி ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே வாசல். கிழக்குப் பார்த்தது காளை வீடு, மேற்குப் பார்த்தது விருமாண்டி வீடு. நடுவில் உரல், தண்ணீர்த்தொட்டி, கோழிகளைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரங்கள். இருபது வருஷமாக அந்த வாசலில் உலவுகிற கோழி, ஆடு, மாடு எல்லாம் சோலையம்மாளுடையது. மகள் ஜெயக்கொடியைக் கொட்டாம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, அவளுக்குப் பேச்சுத் துணையும் அந்தச் சீவன்கள்தான். எந்தக் கோழி எந்த மூலையில் முட்டையிடும், எந்த ஆடு எப்போது குட்டி போடும் என்று ஊரில் கேட்பதென்றால் அவளிடம்தான் கேட்பார்கள். கன்று குறுக்கே விழுந்து மாடு தவித்தால் எந்தத் தெருவிலிருந்தும் அவளுக்குத்தான் ஆள் வரும். அவள் கை மெல்லிசு, நீளம். உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்துவிடுவாள்.

தங்கப்பொண்ணு வரும்போது ஒரு புள்ளிக்கோழியும் இரண்டு வெள்ளாடும் கொண்டுவந்தாள். அந்த ஒரு கோழி ஒரு வருஷத்தில் இருபதாகியது. அவள் அடை வைத்தால் பதிமூன்று முட்டைக்குப் பதிமூன்று குஞ்சு. அதே நாளில் சோலையம்மாள் வைத்த அடையில் ஆறு பொரித்து, அதில் இரண்டைப் பருந்து தூக்கியது. வெள்ளைக்கழிச்சல் வந்த மாசத்தில் சோலையம்மாளின் பஞ்சாரத்தில் காலையில் மூன்று, மத்தியானம் இரண்டு என்று செத்து விழுந்தன. எதிர்ப் பஞ்சாரத்தில் ஒரு இறகு உதிரவில்லை.

"எல்லாம் உங்ககிட்டப் பாத்துக் கத்துக்கிட்டதுதானக்கா" என்பாள் தங்கப்பொண்ணு. அவள் குத்தலாகச் சொல்லவில்லை என்பது சோலையம்மாளுக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிந்தது. அவள் குத்திப் பேசியிருந்தால் இவளும் நாலு பேச்சுப் பேசி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

மதுரை காஜிமார் தெருவிலிருந்து பாதுஷா என்கிற முட்டை வியாபாரி வாரம் ஒரு தரம் சைக்கிளில் வருவார். இரண்டு பக்கமும் வைக்கோல் வைத்த கூடை கட்டியிருக்கும். முட்டையை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துத்தான் வாங்குவார். முன்பெல்லாம் சைக்கிளைச் சோலையம்மாள் வாசலில் சாத்துவார். இப்போது எதிர்த்தாற்போல் சாத்தினார்.

"என்ன ராவுத்தரே, பாதை மாறிப்போச்சா?" என்று அவள் ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"கோவிச்சுக்காத தாயி. சின்னவ முட்டை கொஞ்சம் பெருசா இருக்கு. டவுனுல கேட்டு வாங்குறாக."

"முட்டையில பேரா எழுதியிருக்கு?"

"எழுதாமலே தெரியுது தாயி" என்று அவர் சிரித்தார். தங்கப்பொண்ணும் சிரித்தாள். சோலையம்மாள் தன் முட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய், அன்று சாயங்காலம் ஏழு முட்டையையும் உடைத்துக் குழம்பு வைத்துவிட்டாள். காளை ஒன்றும் புரியாமல் ரசித்துச் சாப்பிட்டான்.

தினமும் விடிந்ததும் அவள் தன் குஞ்சுகளை எண்ணுவாள். பிறகு யாரும் பார்க்காமல் தங்கப்பொண்ணுடைய குஞ்சுகளையும் எண்ணுவாள். ஒரு நாள் அதில் ஒன்று வழி தப்பி அவள் அடுப்படிக்குள் வந்துவிட்டது. பிடித்து உள்ளங்கையில் வைத்தாள். புள்ளி விழுந்த குஞ்சு, சூடாக இருந்தது. அதன் நெஞ்சு அவள் பெருவிரலுக்கு அடியில் படபடவென்று அடித்தது. விரலை லேசாக அழுத்தினாள். குஞ்சு கண்ணை மூடித் திறந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அப்புறம் சுடுபாத்திரத்தைத் தொட்டவள் போலக் கையை உதறிவிட்டாள். குஞ்சு கீழே விழுந்து, எழுந்து, கத்திக்கொண்டு தாயிடம் ஓடியது. சோலையம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன செய்யப் பார்த்தேன் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பயந்தாளே தவிர, பொறாமை குறையவில்லை. குஞ்சை விட்டு அது மாட்டுப் பக்கம் திரும்பியது. காலையும் மாலையும் தங்கப்பொண்ணு வந்து நின்றால்தான் செவலை பால் விட்டது. அவள் கண்மாய்க்குப் போயிருந்தால், வருகிறவரைக்கும் சோலையம்மாள் செம்போடு காத்திருக்க வேண்டியிருந்தது. தன் வீட்டுக் கொட்டத்தில் தானே பிச்சைக்கு நிற்பது போல அவளுக்குத் தோன்றியது.

பங்குனியில் செவலைக்குப் பால் வற்றியது. அப்போது அது ஆறு மாதச் சினை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் புருஷனிடம் சொன்னாள்.

"இந்த மாட்டை வித்துருங்க."

காளை கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்தான். "எதை? செவலையவா?"

"முதுகுல பாடைச்சுழி இருக்கு. அந்தச் சுழி இருக்கிற வீட்டுல பாடை விழும்பாக. எனக்கு வந்த காச்சலை மறந்துட்டிகளா?"

"எட்டு வருசமா இல்லாத சுழி இப்ப எங்க இருந்துடி வந்துச்சு?"

"இருந்துச்சு. நாமதான் பாக்கல."

அவன் எழுந்துபோய் மாட்டின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தான். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் ரோமம் சுழித்தது போலவும் இருந்தது, சுழிக்காதது போலவும் இருந்தது. அவனுக்கு நிச்சயப்படவில்லை. அவன் நம்பவேண்டுமே என்று சோலையம்மாள் கண்மாய்க்கரையில் துவைக்கும்போது நாலு பெண்களிடம் அதையே சொன்னாள். "எங்க வீட்டு மாட்டுக்குச் சுழி சரியில்லைத்தா" என்று அவள் சொன்னது ஒரு வாரத்தில் ஊரைச் சுற்றிக்கொண்டு காளையின் காதுக்கே திரும்பி வந்தது. ஊரே சொல்கிறதே என்று அவனும் மனசை மாற்றிக்கொண்டான்.

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் மாட்டுத்தாவணிச் சந்தை கூடியபோது செவலையை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். கொம்புக்கு எண்ணெய் தடவி, கழுத்தில் புதுக்கயிறு போட்டிருந்தது. தங்கப்பொண்ணு வாசல்வரை வந்து மாட்டின் நெற்றியில் கையை வைத்தபடி நின்றாள். "எதுக்குக்கா? சினை மாட்டைப் போயி?" என்று கேட்டாள். சோலையம்மாள் முறத்தில் தவிடு புடைத்துக்கொண்டிருந்தாள். மாடு தெருவைத் தாண்டியதும்தான் நிமிர்ந்தாள். வெறும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் இனி அதை இருவரும் பார்க்கப்போவதில்லை என்று ஒரு நிம்மதி. எனக்கு இல்லாவிட்டால் அவளுக்கும் இல்லை.

நாலாம் நாள் உச்சிவெயிலில் காளை திரும்பி வந்தான். கூடவே செவலையும் வந்தது. வாசலுக்கு வந்ததும் கயிற்றைத் தரையில் போட்டான்.

"திருச்சிப் பக்கத்து ஆள் ஒருத்தன். துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை படிஞ்சாச்சு. கயிறு மாத்தப் போற நேரம், நம்ம ஊர் மருது அந்தப் பக்கமா வந்தான். 'என்னண்ணே, சுழி மாட்டைத் தள்ளிட்டியாக்கும்'னு சத்தமா கேட்டான். வாங்குன ஆள் கையை உதறிட்டான். அப்புறம் தாவணி முழுக்க அதே பேச்சு. தொட்டுப் பாக்கக்கூட ஒருத்தன் வரல." அவன் தண்ணீர்த்தொட்டியில் முகத்தைக் கழுவினான். "மருது மேல என்ன தப்பு? வீட்டுக்காரி சொன்னதைத்தான அவன் சொன்னான்."

சோலையம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டிலிருந்து தங்கப்பொண்ணு ஓடிவந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். அது ஒரு தொட்டி தண்ணீரையும் உறிஞ்சிவிட்டு அவள் தோளில் மூஞ்சியைத் தேய்த்தது. போகவும் வரவும் எத்தனை மைல் நடந்திருக்கிறது! குளம்பு தேய்ந்து ரத்தம் கசிந்திருந்தது.

"மாமா" என்று தங்கப்பொண்ணு காளையைப் பார்த்துச் சொன்னாள். "என் வெள்ளாடு ரெண்டையும் குட்டிகளோட நீங்க எடுத்துக்கங்க. மாட்டை எங்களுக்குக் குடுங்க. எனக்குச் சுழியெல்லாம் பயமில்ல."

காளை பெண்டாட்டியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "ஓட்டிக்கத்தா" என்றான்.

தங்கப்பொண்ணு கயிற்றை எடுத்துக்கொண்டு சோலையம்மாளைப் பார்த்தாள். "அக்கா, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேன் கேட்டுக்க" என்றாள் சோலையம்மாள். "இன்னையிலருந்து அந்த மாட்டுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. அது செத்தாலும் என்னையக் கூப்பிடாத."

விற்று ஒழிக்க நினைத்த மாடு இப்படி இருபது அடி தள்ளிக் கட்டப்பட்டது. முன்பு காலையும் மாலையும் மட்டும் பார்த்த காட்சியை இப்போது பொழுதெல்லாம் பார்க்கவேண்டியிருந்தது. பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பதையும், வைக்கோல் பிரி கொண்டு தேய்த்துவிடுவதையும், பேசுவதையும். மாற்றுக்கு வந்த வெள்ளாடுகளோ சாயங்காலம் மேய்ந்துவிட்டு நேராக எதிர்வீட்டுக்குள் நுழைந்தன. தினமும் சோலையம்மாள் போய் அவற்றைக் காதைப் பிடித்து இழுத்துவர வேண்டும். ஒரு நாள் தங்கப்பொண்ணே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "நான் வரமாட்டேனா? எனக்குக் கால் இல்லையா?" என்று சோலையம்மாள் கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனி மாதம். மேல்காற்று புழுதியை வாரி வாரி வீசிக்கொண்டிருந்தது. தெற்குத்தோட்டத்துக் கிணற்றில் தூர் வார ஆம்பளைகள் எல்லாரும் போயிருந்தார்கள். காலைப் பொழுது ஏறுவதற்கு முன்பே செவலை படுப்பதும் எழுவதுமாக இருப்பதைச் சோலையம்மாள் பார்த்துவிட்டாள். உரலில் கம்பைப் போட்டு இடிக்கத் தொடங்கினாள்.

பனிக்குடம் உடைந்தது. அந்தச் சத்தம்கூட அவளுக்குத் தெரியும். இனி ஒரு உரல் கம்பு இடிக்கிற நேரத்துக்குள் இரண்டு முன்னங்காலும் அதன்மேல் மூக்கும் தெரியவேண்டும். இடித்தாள். அள்ளினாள். மறுபடி போட்டு இடித்தாள். செவலை முக்கி முக்கி முனகியது. கொட்ட வாசலில் நின்ற தங்கப்பொண்ணு, இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். சோலையம்மாள் பார்வையை உரலுக்குள் வைத்துக்கொண்டாள்.

கன்றின் ஒரு கால் மடங்கியிருக்கிறது. முனகலிலிருந்தே அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை மாட்டுக்குப் பார்த்தவள் அவள்! உள்ளே தள்ளி, மடங்கின காலை எடுத்து நேரே விட்டால் தீர்ந்தது. கை அளவு வேலை. அவள் உலக்கையை மாற்றிப் பிடித்தாள். கூப்பிடட்டும். வாயைத் திறந்து, அக்கா முடியலை வா என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். கோழிக்கு ராசி, ஆட்டுக்கு ராசி, மாட்டுக்கு ராசி, எல்லாம் உன் கைக்கு வந்தது. இதுக்கும் உன் ராசியே வரட்டும்.

வேப்பமர நிழல் உரலை விட்டு விலகியது. கம்பு மாவாகிவிட்டது. மாவையே இடித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே உலக்கையைத் தூக்கியபடி நிற்பாள், காதைக் கொடுப்பாள், மறுபடி இடிப்பாள். எதிரே தங்கப்பொண்ணு எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே போனாள், வெளியே வந்தாள், தலையில் கை வைத்தாள், மறுபடி உள்ளே போனாள். கூப்பிடவில்லை.

பிறகு செவலை கத்தியது. முனகல் இல்லை. தொண்டைக்குள்ளிருந்து வந்த ஒரு கட்டைக் குரல், பாதியில் அறுந்தது.

உலக்கை எங்கே விழுந்தது என்று சோலையம்மாளுக்குத் தெரியாது. அந்த இருபது அடியை எப்படிக் கடந்தாள் என்றும் தெரியாது. மாடு பக்கவாட்டில் சாய்ந்து கால் நீட்டிக் கிடந்தது. ஒரு குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

"தலையைப் பிடி. எழுந்திருக்க விடாத. விளக்கெண்ணெயைக் கொண்டா இங்க" என்றாள். முழங்கைவரை எண்ணெயைப் பூசிக்கொண்டு தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டாள். செவலை முக்கியபோது அவள் எலும்பு நொறுங்குகிற மாதிரி வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கன்றைப் பின்னால் தள்ளினாள். மடங்கிக் கிடந்த முட்டி கைக்கு வந்தது. குளம்பை உள்ளங்கையில் மூடி, கிழிக்காமல், மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். "விடு இப்ப. முக்கட்டும். என் ஆத்தா, முக்குடி, செவலை, முக்கு!" இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.

கன்று வந்து விழுந்தது. கிடாரிக்கன்று. தாயைப் போலவே நிறம். நாக்கு நீலம் பாரித்து வெளியே தொங்கியது. சோலையம்மாள் அதன் மூக்கைத் துடைத்து ஊதினாள். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஆட்டினாள். வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தாள். தங்கப்பொண்ணு வந்து தோளைத் தொடுகிறவரைக்கும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"விட்ருங்கக்கா. போயிருச்சு."

செவலை பிழைத்துவிட்டது. வெந்நீரில் வெல்லத்தைக் கரைத்துப் புகட்டினார்கள். ஆனால் நஞ்சுக்கொடி விழுகிறவரைக்கும் மாட்டை விட்டு நகரமுடியாது. விழுந்ததும் அதை மாடு தின்றுவிடாமல் எடுக்கவேண்டும். இரண்டு பேரும் கொட்டத்துச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்கள். இடையில் கோணி மூடின கன்று கிடந்தது. வெளியே காற்று ஓலையைப் பிடித்து ஆட்டியது.

"நான் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றாள் சோலையம்மாள். அதைச் சொல்லிவிட்டால் தாங்கலாம் என்று நினைத்தாள், சொன்ன பிறகும் தாங்கவில்லை. "கால் மடங்கிக் கெடக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இடிச்சுக்கிட்டு இருந்தேன்."

தங்கப்பொண்ணு கோணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"உலக்கைச் சத்தம் நின்னு நின்னு வந்துச்சு. நீங்க ஒரு நாளும் அப்பிடி இடிக்கமாட்டீகளே. கேட்டுக்கிட்டுதான் இருக்கீகன்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா கூப்பிடாம இருந்த?"

"ஒரு தடவை வாசல் வரைக்கும் வந்தேன். கூப்பிடாதன்னு சொன்னவுககிட்டப் போயி நின்னு கெஞ்சணுமான்னு இருந்துச்சு. அக்கா இல்லாம எனக்கும் ஒரு மாட்டைப் பாத்துக்கத் தெரியும்னு காட்டணும்னு இருந்துச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீங்க மட்டும் கொல்லலக்கா."

சோலையம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவளை யாரும் தேற்றவில்லை. தங்கப்பொண்ணும் தனியாகத்தான் அழுதாள். அழுது ஓய்ந்து, "சுழியெல்லாம் பொய்" என்றாள் சோலையம்மாள். "நானா கட்டிச் சொன்னது."

"அதுவும் தெரியும்" என்றாள் தங்கப்பொண்ணு.

பொழுது சாய்கிற நேரம் நஞ்சு விழுந்தது. ஆம்பளைகள் சேறும் சகதியுமாக வந்து, கருவேலங்காட்டு ஓரம் குழி தோண்டினார்கள். கன்றைத் தூக்கிக்கொண்டு போனது காளை. கூடவே நடந்த சோலையம்மாள் குழிக்கரையில் நின்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மண்ணைத் தள்ளி முடிக்கிறவரைக்கும் கேட்டான். "ஊர்ல போய்ச் சொல்லு" என்றான் கடைசியில். "எங்கிட்டச் சொல்லி என்ன? மாட்டுக்குச் சுழி இருக்குன்னு எந்தக் கரையில சொன்னியோ, அந்தக் கரையில போயி இல்லன்னு சொல்லு."

மறுநாள் காலை துணிமூட்டையோடு கண்மாய்க்குப் போய்ச் சொன்னாள். பெண்கள் துவைப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். சோலையம்மாள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை, அது மட்டும்தான் அவளால் முடிந்தது.

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. அடுத்த வருஷம் செவலை ஒரு காளைக்கன்று போட்டது. முதல் வலி கண்டவுடனே தங்கப்பொண்ணு தெருவே கேட்கக் கூப்பிட்டாள், சோலையம்மாளும் ஓடினாள். கன்று நலமாக வந்தது. அந்தக் கன்றைப் பார்க்கும்போதும் அவளுக்குள் அந்தக் கங்கு கனன்றதுதான். ஆனால் இப்போது அதை அவள் உள்ளே வைத்துப் பொத்துவதில்லை. "உன் கன்னுக்குட்டியப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுடி" என்று நேராகவே சொல்லிவிடுவாள். "எரியட்டும், மோரு தர்றேன் குடிங்க" என்பாள் தங்கப்பொண்ணு. சண்டையும் வந்தது. வாய்ச்சண்டை, தெருவே எட்டிப் பார்க்கிற சண்டை. மறுநாள் யாராவது ஒருத்தி முதலில் பேசிவிடுவாள்.

அதற்கு அடுத்த தையில் காளை சேடபட்டிப் பக்கமிருந்து ஒரு எருமைக் கிடாரியை வாங்கி வந்தான். சுருண்ட கொம்பு, எண்ணெய் பூசினாற்போலக் கறுப்பு, யானைக்குட்டி மாதிரி நடை. இறக்கிய அன்றே அது சோலையம்மாளின் கையை நக்கியது. கூளம் அள்ள வந்த தங்கப்பொண்ணு கூடையை இறக்கி வைத்துவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கொம்பைத் தொட்டாள். அது தலையைச் சிலுப்பிக்கொண்டு சோலையம்மாளின் பக்கம் நகர்ந்து நின்றது.

"அக்கா" என்றாள் தங்கப்பொண்ணு. "மெய்யாச் சொல்றேன். எனக்குப் பொறாமையா இருக்கு."

அவள் மனசாரச் சொன்னாளா, தன்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னாளா என்று சோலையம்மாளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்கவும் இல்லை. "போடி, கண்ணு வைக்காத" என்று விரட்டிவிட்டாள். அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடுப்பை ஊதும்போதும் சிரித்தாள், சோறு போடும்போதும் சிரித்தாள். காளை என்னடி என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று அவன் தட்டில் இன்னொரு அகப்பை குழம்பை ஊற்றினாள்.